ஒட்டுப் போட்ட கோல்

கல்லூரிக் காலத்தில் நாங்கள் போய்வந்த பூல் பார்லரில், மேசைமேல் பந்தை அடிக்கும் கோல்கள் பத்துப் பன்னிரண்டு சுவரோரம் சாய்ந்து நிற்கும். பாதி வளைந்தவை. அதில் ஒன்றைத்தான் நான் எப்போதும் எடுப்பேன். கைப்பிடிக்கு மேலே கறுப்பாக நான்கு கூர்முனைகள், ஓரங்களில் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் என்று ஒரு மிடுக்கு அதற்கு. ஒருநாள் என் முறைக்காகக் காத்திருந்தபோது ஒரு முனையைச் சும்மா நகத்தால் நெருடினேன். உரிந்து கையோடு வந்துவிட்டது. ஸ்டிக்கர்!

யாரும் பார்க்காதபடி திரும்ப ஒட்டி வைத்துவிட்டேன். நகல் என்று ஒன்று இருந்தால் எங்கோ ஓர் அசல் இருந்தாக வேண்டுமே என்ற யோசனை பல வருடங்களுக்குப் பிறகுதான் வந்தது. தேடிப் போனால், அந்த அசல் அலங்காரத்துக்காகப் பிறந்ததே இல்லை. அந்தக் கூர்முனைகள் ஒட்டு. இரண்டு மரங்களைச் சேர்த்த தையல்.

பூல் கோலின் நீளம் சுமார் 58 அங்குலம், எடை 19 அவுன்ஸ் சொச்சம், அதாவது அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். பந்தைத் தொடும் முன்பகுதி மெலிந்து, விறைப்பாக, துள்ளலோடு இருக்க வேண்டும். அதற்கு மரங்களில் வட அமெரிக்காவின் மேப்பிளை விட்டால் ஆளில்லை என்பது நூறு வருட அனுபவம். ஆனால் முழுக்க மேப்பிளிலேயே செய்தால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். கையில் கனம் நிற்காது. ஆகவே பின்பாதிக்குக் கருங்காலி, ஈட்டி போன்ற கனத்த மரம். சரி, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? குறுக்கே அறுத்த முகத்தோடு முகம் வைத்து ஒட்டினால் பசை பிடிக்காது. நார் ஓட்டத்துக்குப் பக்கவாட்டில்தான் பசை நிற்கும். இதை எந்த ஆசாரியும் சொல்லிவிடுவார்.

அதற்குக் கண்ட வழி, கை கோத்துக்கொள்வது. மேப்பிள் சட்டத்தின் அடியை நீண்ட கவைகளாக அறுக்கிறார்கள். கருங்காலிச் சட்டத்தின் தலையையும் அப்படியே. ஒன்றின் விரலிடுக்கில் மற்றதன் விரல் போய் உட்கார, ஒட்டும் பரப்பு பல மடங்காகிவிடுகிறது. இந்தக் கட்டையைக் கடைசலில் ஏற்றி உருட்டியதும்தான் வேடிக்கை. சதுர மூலைகள் சீவப்பட்டுப் போக, வெள்ளை மேப்பிளுக்குள் கறுப்பு ஈட்டிமுனைகள் தானாக வெளிவருகின்றன. யாரும் வரைந்ததல்ல, சாய்வான தளம் ஒன்றை உருளை வெட்டும்போது வடிவியல் போட்ட கோலம். ஸ்நூக்கர் கோல் செய்யும் இங்கிலாந்துக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். மரம் மட்டும் மேப்பிளுக்குப் பதில் பெரும்பாலும் ஆஷ், அலங்காரமும் குறைவு. (ஸ்நூக்கரின் விதிகள் 1880-களில் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டவை என்பதால் நமக்கும் அதில் கொஞ்சம் பங்குண்டு.)

பின்னால் அமெரிக்கக் கைவினைஞர்கள் இன்னொரு முறைக்கு மாறினார்கள். மேப்பிள் துண்டின் நான்கு பக்கமும் 'வி' வடிவப் பள்ளம் வெட்டுவார்கள். கைப்பிடிப் பக்கம் ஆழமாகத் தொடங்கும் பள்ளம், போகப்போக மேலேறி ஒன்றுமில்லாமல் முடியும். அதில் கருங்காலிச் சட்டத்தை மூலை கீழாக வைத்து ஒட்டுவார்கள். ஒட்டுமுன், சாயமேற்றிய மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு வைத்து, மூலையில் 45 டிகிரியில் சேர்ப்பார்கள். நான் ஸ்டிக்கரில் பார்த்த சிவப்பும் பச்சையும் இந்தத் தாள்களின் நகல்தான்.

இதில் எங்கே உயிர் போகிறது என்பதைக் கணக்கே சொல்லும். முப்பது சென்டிமீட்டர் நீளத்தில் பள்ளம் ஒரு சென்டிமீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளம் மற்றதைவிடப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடிவிட்டால், அதாவது எழுதும் தாள் ஒன்றின் கனம், அந்தக் கூர்முனை மற்றவற்றைவிட மூன்று மில்லிமீட்டர் நீண்டுவிடும். கண்ணுக்கு உடனே தெரியும். கடைசலில் கட்டை நூலளவு மையம் தவறினாலும் இதே கதி: ஒரு பக்கம் முனை குட்டை, எதிர்ப்பக்கம் நெட்டை. பழகிய கை கோலை வாங்கியதும் முதலில் செய்வது, அதை மெல்ல உருட்டி நான்கு முனைகளும் ஒரே வளையத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது.

இந்தத் தொழிலில் ஒரு பெயரைச் சொன்னால் சபை அடங்கும் என்றால் அது ஜார்ஜ் பாலபுஷ்கா. 1912-இல் ரஷ்யாவில் பிறந்து, 1924-இல் பெற்றோரோடு அமெரிக்கா வந்தவர். நியூயார்க்கில் மரவேலை. 1959-இல் கூட்டாளி ஒருவரோடு ஒரு பூல் கூடத்தை வாங்கினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்குப் பரிசாகச் சில கோல்கள் செய்து கொடுத்ததில் தொடங்கியது எல்லாம். இரண்டு வருடத்தில் பால் நியூமன் பூல் ஆட்டக்காரராக நடித்த 'தி ஹஸ்லர்' படம் வந்தது. அமெரிக்கா முழுக்கப் பூல் பைத்தியம் பிடித்தது. பாலபுஷ்காவுக்கு ஆர்டர் குவிந்தது. 1975-இல் இறக்கும்வரை அவர் செய்தவை ஆயிரத்துச் சொச்சம் என்பது சேகரிப்பவர்களின் கணக்கு. வயலினுக்கு ஸ்ட்ராடிவாரி என்றால் கோலுக்கு அவர் என்று சொல்வார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த ஸ்ட்ராடிவாரியின் கோல்களில் இருக்கும் புகழ்பெற்ற கூர்முனைகள் அவர் வெட்டியவை அல்ல! தொடக்கத்தில் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் என்ற, பூல் கூடங்களுக்கான கோலை வாங்கி, அதன் ஒட்டுப் போட்ட அடிக்கட்டையைப் பயன்படுத்தினார். பிறகு கோல் கைவினைஞர்களான சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயினிடமிருந்தும், அதன்பின் பென்சில்வேனியாவின் கஸ் சாம்போட்டியிடமிருந்தும் முனை வைத்த கட்டைகளை வாங்கினார். அப்படியானால் அவர் கைவண்ணம் எங்கே? கண்ணுக்குத் தெரியாத இடங்களில். முன்கோல் எந்த அளவில் மெலிந்து போக வேண்டும், கனம் எங்கே விழ வேண்டும், நடுவில் திருகும் இணைப்பு எவ்வளவு இறுக்கமாக அமர வேண்டும், எந்தக் கட்டையை அடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்பவற்றில். கோலின் புறத்தோற்றத்தில் அவர் கஞ்சர்தான். சில சிப்பிப் புள்ளிகள், சில வளையங்கள், கைப்பிடியில் அயர்லாந்து லினன் நூல். அவ்வளவே. பொன்னும் தந்தமுமாகப் பிற்காலத்தில் இழைத்த கோல்களை நானும் படத்தில் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். ஆனாலும் கல்யாண வீட்டில் நகைக்கடையையே சுமந்து வருபவரைவிட ஒற்றைச் சங்கிலியோடு வருபவரைத்தானே இன்னொரு முறை பார்க்கத் தோன்றுகிறது.

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'தி கலர் ஆஃப் மணி' 1986-இல் வந்தது. அதில் நியூமன், இளம் டாம் குரூஸிடம் ஒரு பாலபுஷ்காவைக் கொடுப்பார். படத்தில் குரூஸ் வாள் போலச் சுழற்றும் அந்தக் கோல் உண்மையில் பாலபுஷ்கா அல்ல. அதே சாயலில் ஜாஸ் நிறுவனம் செய்த கோல். எங்கள் பார்லர் ஸ்டிக்கருக்குக் கொஞ்சம் வசதியான உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்கோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மூரில் மரம் வாங்கப் போனால் வைரம் பாய்ந்ததா என்று கேட்போம். இங்கே தலைகீழ். மேப்பிளின் வைரத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கட்டைதான் வேண்டும். நார் நேராக ஓட வேண்டும். ஆண்டு வளையங்கள் நெருங்கி இருக்க வேண்டும். கட்டையைத் தரையில் தட்டி 'டிங்' என்று பாடுகிறதா, 'டொக்' என்று செத்துக் கிடக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறவர்கள் உண்டு. தேறியதையும் ஒரே மூச்சில் கடைந்துவிட மாட்டார்கள். கொஞ்சம் சீவுவது, செங்குத்தாகத் தொங்கவிடுவது, சில வாரமோ சில மாதமோ விட்டுவிடுவது, மறுபடி கொஞ்சம் சீவுவது. ஒவ்வொரு முறை தோல் போகும்போதும் மரத்துக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் தளர்ந்து அது தன் இஷ்டத்துக்கு வளையப் பார்க்கும். வளைவதாக இருந்தால் இப்போதே வளைந்து தொலைக்கட்டும் என்பதுதான் இந்தக் காத்திருப்பின் அர்த்தம். வளைந்தது விறகு. கடைசியில் நுனி 13 மில்லிமீட்டர் அளவில் வந்து நிற்கும். பெயர் பெற்ற பட்டறைகளில் ஒரு கோலுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேர்வதற்கு வாடிக்கையாளர் வரிசை ஒரு காரணம், இந்த மரத்தின் முரண்டு இன்னொரு காரணம்.

இவ்வளவும் எதற்கு? 'ஹிட்' என்பார்கள் ஆட்டக்காரர்கள். பந்தைத் தொடும்போது கைக்கு வரும் அந்த உணர்வு. இணைப்பில் எஃகு வைத்தால் ஒரு மாதிரி, மரத்தோடு மரம் அமர்ந்தால் வேறு மாதிரி என்று விடிய விடியச் சண்டை போடுவார்கள். தோல்நுனி பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கைக்கு உணர்வு வருவதற்குள் பந்து புறப்பட்டுப் போயிருக்கும். அந்த ஹிட் பந்துக்கு எதுவும் செய்வதில்லை என்று வாதிடலாம். ஆனால் நல்ல கோலைப் பிடித்தவன் அடுத்த அடியைத் தயங்காமல் அடிக்கிறான். நான் இதில் ஆட்டக்காரர்கள் கட்சி.

கணினி இயக்கும் செதுக்கு எந்திரங்கள் வந்த பிறகு மேலோட்டமாகப் பள்ளம் தோண்டிக் கூர்முனை போலவே பதித்துவிட முடிகிறது. கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி உண்டு. சுழலும் வெட்டுமுனை உருண்டையானது. அது தோண்டும் பள்ளத்தின் மூலையும் உருண்டுதான் முடியும். உண்மையான ஒட்டின் முனையோ ஊசி போல மறையும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். அதையும் கையால் செதுக்கிக் கூராக்கிவிடும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. தந்தத்தின் கதை இன்னும் சுருக்கம். நுனி வளையத்துக்கும் இணைப்புக்கும் ஒருகாலத்தில் அதுதான் உயர்வு. 2016-இல் அமெரிக்கா ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்தை ஏறக்குறைய முழுதாகத் தடை செய்தது. பழைய தந்தக் கோலை எல்லை தாண்டி எடுத்துப் போகவே இன்று யோசிக்க வேண்டும். நல்லதே நடந்திருக்கிறது.

இத்தனை வகைக் கோல்களில் என் மனதைப் பறித்தது 'ஸ்னீக்கி பீட்'. பந்தயம் வைத்து ஆடும் கில்லாடிகளுக்காகப் பிறந்த கோல். சொந்தக் கோலைப் பெட்டியிலிருந்து எடுத்தால் எதிராளி உஷாராகிவிடுவானே! அதனால் பூல் கூடச் சுவரில் மாட்டியிருக்கும் பொதுக்கோல் போலவே செய்து தரச் சொன்னார்கள். லினன் நூல் கிடையாது, வளையம் கிடையாது, சிப்பி கிடையாது. மேப்பிளும் கருங்காலியும் கைகோத்த நான்கு கூர்முனைகள் மட்டும். ஆனால் நடுவில் இரண்டாகக் கழலும். அந்த இடத்தில் இரண்டு துண்டின் நாரும் நிறமும் ஒத்துப்போக வேண்டும். திருகி முடித்தால் விரலை ஓட்டினாலும் தட்டக்கூடாது. மங்கலான விளக்கில், எதிரே நிற்பவனுக்கு அது சுவரிலிருந்து எடுத்த கோல்தான்.