ஆந்தை செய்வோம், அச்சம் களைவோம்!

நோயுற்றோரைச் சந்திக்கப் பங்கு இல்லங்களுக்குச் செல்லும்போது நம் காதில் அடிக்கடி விழும் சொல் ஒன்று உண்டு. "மூன்று நாளாக வீட்டருகே ஆந்தை அலறுகிறது, சாமி, எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்பதே அது. இவ்வாறு சொல்பவர்கள் இறைப்பற்று இல்லாதவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலி காண்பவர்கள். மாலைதோறும் குடும்பமாகச் செபமாலை சொல்பவர்கள். எனினும், ஒரு பறவையின் குரல் கேட்டதும் அவர்கள் நெஞ்சம் நடுங்குகிறது. வீட்டுச் சிறுவர்கள் கல்லெடுத்து எறிகின்றனர். பெரியவர்களும் அதைத் தடுப்பதில்லை.

இவ்வச்சம் நேற்றுப் பிறந்ததன்று. கூகையின் குரலைச் சுடுகாட்டோடும் பாழ்மனையோடும் சேர்த்துப் பேசுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். ஆனால், திருமுழுக்குப் பெற்ற நமக்கு அது பொருந்துமா? மூடநம்பிக்கை இறைப்பற்றைத் திசைமாற்றுவது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2111-ஆம் எண்ணில் தெளிவுபடுத்துகின்றது. பறவைகளைப் படைத்த இறைவன் அவை நல்லவை எனக் கண்டார் என்கிறது தொடக்க நூல். அவ்வாறு கண்டபோது ஆந்தையை மட்டும் அவர் விலக்கி வைக்கவில்லை. லேவியர் நூலின் 11-ஆம் அதிகாரம் ஆந்தையைக் குறிப்பிடுகிறதே என்பர் சிலர். அங்கே கூறப்படுவது இஸ்ரயேலர் எவற்றை உண்ணலாகாது என்பது மட்டுமே. எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதன்று. திருப்பாடல் 102-லோ, துயருற்ற அடியார் தம்மையே பாழிடத்து ஆந்தைக்கு ஒப்பிட்டு இறைவனிடம் முறையிடுகிறார். தனித்துத் தவிக்கும் மனிதனுக்கு ஆந்தை அங்கே உவமையாயிற்று.

மறையுரையால் மட்டும் இவ்வச்சம் அகல்வதில்லை என்பது நம் அனுபவம். ஆகவே, இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் இல்லங்களில் சின்னஞ்சிறு ஆந்தைப் பொம்மை ஒன்றைக் குரோஷாவால் பின்னித் தொங்கவிடுவோம் என அழைக்கிறோம். தன் கையால் செய்த ஒன்றைக் கண்டு எந்தக் குழந்தையும் அஞ்சுவதில்லை.

ஆந்தை செய்யும் உதவி

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளாலும் நெல்வயல்களாலும் அமைந்தது. வயலுக்கு முதற்பகை எலி. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில், தவம் செய்யும் பூனையையும் அதனைச் சூழ்ந்து நிற்கும் எலிகளையும் நாமெல்லாரும் கண்டு சிரித்திருக்கிறோம். அந்தப் பூனை தவம் செய்துகொண்டே நிற்கட்டும். இரவில் நம் வயலைக் காப்பது ஆந்தையே. வெண்முகக் கூகை எலியை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அதன் சிறகோரங்களில் மெல்லிய தூவி இருப்பதால் பறக்கும் ஓசை எலியின் காதில் விழுவதில்லை. கண்கள் குழியில் அசையாதவை. ஆதலின் தலையை ஏறத்தாழ முக்கால் வட்டம் திருப்பிப் பார்க்கும் ஆற்றலை இறைவன் அதற்கு அருளியுள்ளார்.

நோயாளி இருக்கும் வீட்டை ஆந்தை நாடுவது ஏன்? அவ்வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கின்றன. பூச்சிகளை உண்ணப் புள்ளி ஆந்தை வருகிறது. அது சாவை அறிவிக்க வரவில்லை. தன் இரவு உணவைத் தேடி வருகிறது.

பறவையைப் போற்றுவது நம் மறைமாவட்டத்து மக்களுக்குப் புதிதன்று. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். அவற்றைச் சுடலாகாது என்ற உறுதியை 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடமிருந்து பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். நாரை பகலில் செய்யும் உதவியைக் கண்டு போற்றிய நாம், ஆந்தை இரவில் செய்யும் உதவியைக் காணாததால் கல்லெறிகிறோம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைக்கும் காவலாக உள்ளது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், படைப்பு ஒவ்வொன்றும் தன்னளவிலேயே மதிப்புடையது என்று நினைவூட்டினார்.

மடங்களில் வளர்ந்த கலை

கொக்கி முனையுள்ள ஓர் ஊசி, ஒரு நூல் உருண்டை: இவ்விரண்டும் போதும் என்பதே குரோஷாவின் சிறப்பு. அதனாலேயே அது ஏழைகளின் கலையாயிற்று. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியபோது, கார்க் நகரையடுத்த பிளாக்ராக்கில் உர்சுலா சபைக் கன்னியர் ஏழைப் பெண்களுக்குக் குரோஷாப் பின்னலைக் கற்பித்தனர். அங்குப் பல குடும்பங்களின் அடுப்பு அந்த ஊசியால் எரிந்தது. நம் தமிழகத்திலோ, 1897-இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து குமரிப் பகுதியின் முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர் ஆதரவற்ற சிறுமியரைப் பேணினார்; அங்கே சரிகைப் பின்னலும் பூவேலையும் பெண்களுக்குப் பிழைப்பாக வளர்ந்தன.

அண்மைக் காலத்தில் 2016 சனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் மகளிர் குழுவினர், பலர் பின்னிய சிறு விரிப்புகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் அளவில் உலகின் மிகப் பெரிய குரோஷா விரிப்பை அமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். அவ்விரிப்புகள் பின்னர் ஏழைகளுக்கு வழங்கப்பட்டன. சிறிய கைகள் பல சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

கைவேலை அச்சத்தை ஓட்டும் என்பதற்கும் நம் கடற்கரையில் சான்றுண்டு. 2004 திசம்பர் 26, திருக்குடும்ப விழா ஞாயிறன்று, ஆழிப்பேரலை மாமல்லபுரம், கல்பாக்கம் கரைகளையும் தெற்கே நாகை வரையிலும் அதற்கு அப்பாலும் தாக்கியதை யார் மறப்பர்? கடலை அன்னை என்று அழைத்த பெண்கள் அதன் இரைச்சல் கேட்டாலே நடுங்கினர். அப்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நமக்குத் தெற்கே உள்ள ஆரோவில்லில், உபாசனா என்னும் ஆடை வடிவமைப்புக் கூடத்தார் மீனவப் பெண்களை அழைத்து, ஆடை வெட்டியபின் எஞ்சிய துணித்துண்டுகளால் விரல் உயரப் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தனர். 'சுனாமிகா' என்று பெயர் பெற்ற அப்பொம்மை விற்கப்படவில்லை. பரிசாகவே உலகெங்கும் சென்றது. தங்களை அழவைத்த அலையின் பெயரையே ஒரு சிறு பொம்மைக்குச் சூட்டி அதனைக் கையில் ஏந்தினர் அப்பெண்கள். ஆந்தை விடயத்தில் நாம் செய்ய விழைவதும் இதுவே.

செய்முறை

தேவையானவை: நடுத்தரப் பருமனுள்ள பழுப்புநிற உல்லன் நூல்; வெள்ளை, மஞ்சள், கறுப்பு நூல் சிறிதளவு; 3 மி.மீ. குரோஷா ஊசி ஒன்று, உல்லன் நூல் நுழையும் பெரிய காதுள்ள தையல் ஊசி, கத்தரிக்கோல், ஓர் ஊக்கு, ஒரு பிடி இலவம்பஞ்சு.

முதலில் சங்கிலி பழகுக. நூல்நுனியில் சுருக்கிட்டுக் குரோஷா ஊசியில் மாட்டுக. நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றி அச்சுருக்கின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலி. அடுத்து ஒற்றைப் பின்னல்; இதனைச் சிங்கிள் குரோஷா என்பர். கண்ணுக்குள் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒருசேர இழுக்க. இவ்விரண்டும் கைவந்துவிட்டால் ஆந்தை பாதி முடிந்தது எனலாம்.

இனி உடல். இரண்டு சங்கிலி போட்டு, முதலில் போட்ட சங்கிலிக்குள் 6 ஒற்றைப் பின்னல் இடுக. இது முதற்சுற்று. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டிரண்டு, ஆக 12. மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என மாறி மாறி; ஆக 18. நான்காம் சுற்றில் இரு கண்களில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு, ஆக 24. இப்போது சிறு வட்டத்தட்டுப் போன்ற அடிப்பாகம் கிடைக்கும். இதன்பின் கூட்டாமல் குறைக்காமல் ஒரு கண்ணுக்கு ஒரு பின்னலாகப் பத்துச் சுற்றுகள் பின்னுக. தட்டின் ஓரம் நிமிர்ந்து கிண்ணமாகும். ஒவ்வொரு சுற்றின் முதற்பின்னலிலும் ஊக்கை மாட்டிவைத்தால் சுற்று எங்கே தொடங்கியது என்ற குழப்பம் வாராது.

ஒரு முழ நூல் விட்டு வெட்டுக. பஞ்சை உதிர்த்து நிரப்புக. திணித்தால் கண்கள் விரிந்து பஞ்சு வெளியே தெரியும். குறைந்தால் ஆந்தை துவளும். பிறகு வாயைத் தட்டையாக அழுத்தி, முன்பக்கத்துப் பன்னிரண்டு கண்களைப் பின்பக்கத்துப் பன்னிரண்டோடு தைத்துச் சேர்த்திடுக. இரு மூலைகளும் தாமாகவே காதுக் கொண்டைகளாக எழுந்து நிற்பதைக் கண்டு குழந்தைகள் கைகொட்டுவர்!

விழிகளுக்கு வெள்ளை நூலில் முதலிரண்டு சுற்றுகள், அதாவது 6, 12 என்ற அளவில், இரு வட்டங்கள் பின்னி அருகருகே தைத்து, நடுவில் கறுப்பு நூலால் பாவை இடுக. பொத்தான் வைப்பது அழகே. ஆயினும் கைக்குழந்தை உள்ள வீட்டில் அது தொண்டையில் சிக்கக்கூடும், வேண்டாம். விழிகளுக்கிடையே மஞ்சள் நூலால் நாலைந்து தையல் போட்டால் அலகு. பழுப்பு நூலில் மூன்று சுற்று வட்டங்கள் இரண்டு பின்னி, மடித்து, விலாவில் தைத்தால் சிறகுகள். தலையில் முப்பது சங்கிலி கோத்த வளையம் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் ஆந்தை தொங்குவதற்கு ஆயத்தம்.

புதிதாகக் கற்போர் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, நூலை இறுக்கிப் பிடிப்பது. அடுத்த சுற்றில் ஊசி நுழையாது. மற்றொன்று, எண்ணாமல் விடுவது. சுற்று முடிந்ததும் 24 உண்டா என எண்ணுக. 23 ஆயின் அவிழ்த்துவிட்டு மீண்டும் பின்னுக. குரோஷாவில் நூல் வீணாவதில்லை. பிழைபட்ட இடம்வரை அவிழ்த்தால் பழைய நூலே புதிய பின்னலாகிறது. ஒப்புரவு அருளடையாளத்தைச் சிறுவர்க்கு விளக்க இதனினும் எளிய பாடம் நமக்குக் கிட்டவில்லை.

யார் செய்வது? யாருக்குக் கொடுப்பது?

இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என எண்ணற்க. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் கிழிந்த வலையின் கண்களை எண்ணிப் பின்னுபவர்கள் ஆண்கள் அன்றோ? வலைக்கும் குரோஷாவுக்கும் 'கண்' என்னும் சொல் ஒன்றே. ஆண்டவர் அழைத்தபோது யாக்கோபும் யோவானும் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டுதான் இருந்தனர். தாத்தா வலையைப் பின்ன, பேரன் ஆந்தையைப் பின்ன, பாட்டி செபமாலையைத் தொடங்கினால் அத்திண்ணையில் குறையேது?

சில சகோதரிகள் இதனை விற்றுப் பொருளீட்ட விரும்பக்கூடும். சுற்றுலாப் பயணிகள் வந்து குவியும் மாமல்லபுரம் அண்மையில் இருப்பது நல்வாய்ப்பே. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆந்திரத்து நரசாப்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தபடியே குரோஷா பின்னுகின்றனர். செர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி 1982-இல் வெளியிட்ட நூலில், அவர்தம் உழைப்பு 'ஓய்வுநேர வேலை' என்றே மதிக்கப்பட்டுக் கூலி மிகக் குறைவாகத் தரப்பட்டதை எடுத்துக் காட்டினார். ஓர் ஆந்தைக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று குறித்துவைத்து, அந்நேரத்துக்கு உரிய கூலியையும் நூலின் விலையையும் கூட்டியே விலை சொல்லுங்கள். வாங்குவோரும் பேரம் பேசுமுன் சற்றே எண்ணுக: உழைப்பவர் தம் கூலிக்கு உரிமை உடையவர் என்பது ஆண்டவர் வாக்கு.

பரிசாகக் கொடுப்போர்க்குத் திருத்தூதர் பணிகள் நூலின் தபித்தா முன்மாதிரி. யோப்பா என்னும் கடற்கரை ஊரில் அவர் இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டியது அவர் தம் கையால் செய்துகொடுத்த ஆடைகளையே. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு ஆந்தைகள் செய்க: ஒன்று தம் வீட்டுக்கு, மற்றொன்று, ஆந்தைக்கு அஞ்சும் அண்டை வீட்டுக் குழந்தைக்கு. கொடுக்கும்போது ஆந்தை செய்யும் உதவியையும் சொல்லிக் கொடுங்கள். மதம் கேட்டுக் கொடுக்க வேண்டா.

செய்த ஆந்தையைக் குடிலின் கூரையோரத்தில் தொங்கவிடுங்கள். மீட்பர் பிறந்தது இரவில். ஊர் உறங்க, இடையர்கள் வயல்வெளியில் தங்கள் மந்தைக்குக் காவலாய் விழித்திருந்தனர். அவர்களோடு இரவுப்பறவைகளும் அவ்வயல்வெளியில் விழித்திருந்திருக்கும் அன்றோ? வானதூதர் இடையர்களுக்குச் சொன்ன முதற்சொல் 'அஞ்சாதீர்கள்' என்பது. அச்சொல்லை நம் இல்லங்கள் இவ்வாண்டு மனத்தில் ஏற்கட்டும். இன்றே ஓர் ஊசியும் நூலும் வாங்கி, முதல் ஆறு கண்களைப் பின்னத் தொடங்குங்கள்.