எரிந்த எரிபொருள் யார் தலையில்?

அணு உலையை விற்கும் நாடு இயந்திரத்தோடு நிபந்தனைகளையும் சேர்த்தே அனுப்புகிறது. அந்த நிபந்தனை எவ்வளவு இறுக்கம் என்பது, வாங்குபவர் அன்றைக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதைப் பொறுத்தது.

தாராப்பூர் அணுமின் நிலையத்தைப் பாருங்கள். 1963 ஒப்பந்தப்படி அமெரிக்கா தந்த இரண்டு உலைகள், 1969 முதல் மின்சாரம். செறிவூட்டிய யுரேனியமும் அங்கிருந்தே வரவேண்டும். வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வந்து கணக்குப் பார்ப்பார்கள். 1974 பொக்ரான் அணு வெடிப்புக்கான புளுட்டோனியம் வந்ததோ டிராம்பேயின் சைரஸ் உலையிலிருந்து. கனடா கொடுத்த உலை, அமெரிக்கா கொடுத்த கனநீர். அங்கே ஆய்வாளர் கிடையாது, ‘அமைதிப் பணிக்கு மட்டும்’ என்ற வாக்குறுதிதான். ஆனாலும் அடி விழுந்தது, கண்காணிப்பில் இருந்த தாராப்பூர்மீது! எல்லா அணு நிலையங்களையும் ஆய்வுக்குத் திறக்காத நாட்டுக்கு எரிபொருள் இல்லை என்றது 1978இன் அமெரிக்கச் சட்டம்.

பிறகு நடந்ததுதான் ராஜதந்திரம். 1982இல் அமெரிக்காவின் சம்மதத்தோடு பிரான்ஸ் எரிபொருள் தர முன்வந்தது. சட்டமும் மீறப்படவில்லை, உறவும் கெடவில்லை. பிரான்ஸ் விலகியதும் சீனா. அப்போது அது, இதே நிபந்தனையை வைத்திருந்த அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவில் இல்லை. 2001இல் ரஷ்யா கொடுத்தது, ‘உலையின் பாதுகாப்புக்காக’ என்று காரணம் சொல்லி. 2008இல் அந்தக் குழுவே இந்தியாவுக்கு விதிவிலக்கு அளித்தது.

கட்டுப்பாடு தளர்ந்தால் குண்டுகள் பெருகும் என்பவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. இருக்கட்டும். எனக்கு உறுத்துவது, எரிந்து முடிந்த எரிபொருள். தாராப்பூரில் அதை மறுசுத்திகரிக்க அமெரிக்காவின் ஒப்புதல் வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. நீர்த்தொட்டிகளில் சேர்ந்துகொண்டே போனது. அதிலுள்ள புளுட்டோனியம் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். ஒப்பந்தத்தின் ஆயுளோ 30 ஆண்டு.

கூடங்குளம் உலைகளுக்காகச் சோவியத் நாட்டுடன் செய்த 1988 ஒப்பந்தத்தில், எரிந்த எரிபொருள் அங்கேயே திரும்பிப் போகும் என்றிருந்தது. பின்னர் அது மாறியது. இந்தியாவிலேயே இருக்கும் என்றானது. டெல்லிக்கு அது குப்பை அல்ல, மறுசுத்திகரித்தால் நாளைய எரிபொருள். சோவியத்தின் இடத்துக்கு வந்த அதே ரஷ்யா வங்கதேசத்தின் ரூப்பூரில் உலை கட்டும்போது, எரிந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக 2017இல் கையெழுத்திட்டிருக்கிறது. கூடங்குளத்திலோ அதைச் சேமிக்கத் தனிக் கிடங்கு திட்டமிடப்பட்டது. அதற்கென 2019 ஜூலையில் அறிவித்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைக்கப்பட்டது.