159 ஆசனம் இருந்தும் அவிழாத கட்டு

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மாணவராக வந்து, மிரட்டலால் சில மாதங்களிலேயே களனிக்கு மாறிப் போனவர் அநுர குமார திஸாநாயக்க. 2024 செப்டெம்பர் 23ஆம் திகதி அவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, பேராதனைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் பெரிய கேள்வி ஒன்றுதான்: சம்பளம் கூடுமா?

அரசின் கையையோ கடன் கட்டிப்போட்டிருந்தது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று இலங்கை கைவிரித்தது. மறு வருடம் சர்வதேச நாணய நிதியம் நான்கு ஆண்டுகளில் சுமார் 300 கோடி டொலர் தர இசைந்தது. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் கணக்குப் பார்ப்பார்கள். வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால், அரசின் வரவு செலவைவிட மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் மிஞ்ச வேண்டும். கடன்காரனுக்கு எடுத்துவைத்த பிறகுதான் பிள்ளைக்குச் சப்பாத்து. 2024 நவம்பரில் மக்கள் அநுரவின் அணிக்குப் பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 159ஐ அள்ளிக் கொடுத்தார்கள். அதைக் கொண்டு சட்டத்தை மாற்றலாம், இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

தோட்டத்தில் நாட்சம்பளத்தைப் ‘பேர்’ என்பார்கள். சொன்ன கிலோ கொழுந்து நிறுவையில் வராவிட்டால் ‘அரைப் பேர்’தான். 2024இல் ஒரு பேர் 1,350 ரூபா. 2026 ஜனவரியிலிருந்து 1,750. இதில் 1,550 தோட்ட நிர்வாகம் தருவது. மீதி 200ஐ வேலைக்கு வந்த நாளுக்கான ஊக்குவிப்பாகத் திறைசேரி போடுகிறது. கம்பனி கொடுக்க வேண்டியதை அரசு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசு இந்தச் சமூகத்துக்குப் பட்டிருக்கும் கடன் அதைவிடப் பெரிது என்பேன்.

அதற்கிடையில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். பேராதனையில் மகாவலி கரை புரண்டது; வடிந்தபின் சுவர்களில் சேற்றுக்கோடு நின்றது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், கண்டி மாவட்டத்தில்தான் அதிகம். நேரடிச் சேதம் 410 கோடி டொலர் என்றது உலக வங்கி. நிதியம் நான்காண்டில் தருவதைவிடக் கூடிய தொகையை ஒரு புயல் சில நாளில் கொண்டுபோய்விட்டது. அவசர உதவியாக நிதியம் தந்தது சுமார் 20 கோடி.

மண்சரிவில் லயன் வீட்டை இழந்தவர்களுக்கு வீடு கட்டக் காசோடு காணியும் வேண்டும். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது; கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களில் அநேகரிடம் காணி உறுதி இல்லை. உறுதி எழுதிக் கொடுக்க டொலர் வேண்டாம், நிதியத்தின் சம்மதமும் வேண்டாம். அந்த 159 ஆசனம் இதற்குத் தாராளமாகப் போதும். மறுசீரமைத்த கடனை 2028இல் திரும்பக் கட்டத் தொடங்குமுன் இதையாவது செய்து முடிக்கலாம்.