ஒரு மாத்திரை, இரண்டு வைரஸ்கள்

தீபாவளி, பொங்கல் விடுமுறைகள் முடிந்து பனியன் கம்பெனிகள் மீண்டும் இயங்கத் தொடங்கும் வாரங்களில், எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரே கேள்வி பலரிடமிருந்தும் எழுகிறது: "ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது. பத்து நாள் போடவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டர்?" தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர்களுக்கு, உறவினர் நிறைந்த வீட்டில் மாத்திரைப் புட்டியை வெளியே எடுப்பதே ஒரு சோதனை என்பதை நாங்கள் அறிவோம்.

எச்.ஐ.வி. உள்ள எவருக்கும் மாத்திரையை இடையில் நிறுத்துவது தீங்கு. ஆனால் அவருடைய உடலில் இன்னொரு வைரஸும் குடியிருந்தால், அந்தப் பத்து நாள் வேறொரு கதவையும் திறந்துவிடக்கூடும். அது எவ்வாறு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

விழித்த அணுக்களைத் தேடும் கிருமி

எச்.ஐ.வி. நம் நோய் எதிர்ப்பாற்றலின் தலைமை அணுக்களான சி.டி.4 அணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. உறங்கும் அணுவை விட, விழித்துச் செயல்படும் அணுவிலேயே அது எளிதாகப் பெருகும். வேறொரு வைரஸ் உடலைத் தாக்கும்போது, அதை எதிர்க்கச் சி.டி.4 அணுக்கள் திரளாக விழித்தெழுகின்றன. நம்மைக் காக்க எழும் அந்தப் படையே எச்.ஐ.வி.க்கு இரையாகிறது. மறுபுறம், சி.டி.4 அணுக்கள் குறையக் குறைய, நெடுநாள் அடங்கிக் கிடந்த மற்ற வைரஸ்கள் தலைதூக்குகின்றன. பின்னல் இயந்திரத்தில் ஓர் ஊசி முறிந்தால் துணி நெடுகக் கோடு விழுவதைப் போல, ஓரிடத்துக் குறை வேறிடங்களிலும் வெளிப்படுகிறது.

குரங்குகள் கற்பித்தவை

மனிதர்களிடம் மட்டும் இதை ஆராய்ந்து தெளிவது கடினம். ஒவ்வொருவருக்கும் வயது, உணவு, முன்பு வந்த நோய்கள் யாவும் வேறு. எந்தக் கிருமி எந்த நாளில் புகுந்தது என்பதும் தெரியாது. ஆகவே ஆய்வாளர்கள் எச்.ஐ.வி.யின் நெருங்கிய உறவான எஸ்.ஐ.வி. என்னும் குரங்கு வைரஸை நாடினர். வட இந்தியக் கோயில்களில் நாம் காணும் செம்முகக் குரங்கு இனமே இவ்வாய்வுகளில் பெரிதும் பயன்பட்டது. சிகிச்சை பெறாத மனிதருக்கு எய்ட்ஸ் நிலை வரப் பல ஆண்டுகள் ஆகும். இக்குரங்குகளில் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளிலேயே அந்நிலை வந்துவிடுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே என்னும் குரங்கு இதற்கு மாறானது. அதன் இரத்தத்தில் எஸ்.ஐ.வி. மிகுதியாக இருந்தும் அது பெரும்பாலும் நோயுறுவதில்லை. அதன் எதிர்ப்பாற்றல் ஓயாமல் கொதித்துக்கொண்டிராமல் விரைவில் தணிந்துவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தனர். வைரஸின் அளவு மட்டுமன்றி, உடலின் ஓயாத கொதிப்பும் நோயை வளர்க்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

2007-ஆம் ஆண்டு பாவ்லோ லுஸ்ஸோ, ராபர்ட் கேலோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வைரஸ்கள் சேர்வதை நேரடியாகவே சோதித்தது. பன்றிவால் குரங்குகளில் சிலவற்றுக்கு எஸ்.ஐ.வி. மட்டும், சிலவற்றுக்கு எச்.எச்.வி.-6ஏ என்னும் ஹெர்பிஸ் வகை வைரஸ் மட்டும், சிலவற்றுக்கு இரண்டும் செலுத்தப்பட்டன. இரண்டையும் பெற்ற குரங்குகளில் சி.டி.4 அணுக்கள் விரைவாகக் குறைந்து, நோய் வேகமாக முற்றியது.

விலங்கில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா?

எப்போதும் பொருந்துவதில்லை. பிறப்புறுப்பு ஹெர்பிஸ் புண்களும் எச்.ஐ.வி.யும் ஒன்றையொன்று தூண்டுகின்றன என்பது அறிந்த உண்மை. எனவே ஹெர்பிஸை அடக்கினால் எச்.ஐ.வி. பரவுவதும் குறையும் என எதிர்பார்த்து, ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3,400 தம்பதியரிடம் அசைக்ளோவிர் மருந்தைச் சோதித்தனர். 2010-இல் முடிவு வெளியானது. புண்கள் வெகுவாகக் குறைந்தன, இரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவும் சிறிது குறைந்தது. ஆனால் துணைவருக்குத் தொற்றுவது குறையவில்லை.

நம் ஊர்க் கீழாநெல்லியும் இத்தகைய பாதையைக் கடந்ததே. 1987-இல் அமெரிக்காவில் பிளம்பெர்க் குழுவினர், ஹெபடைடிஸ் பி போன்றதொரு வைரஸ் தாக்கிய வுட்சக் என்னும் விலங்கில் அதன் சாற்றால் பயன் கண்டனர். 1988-இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் நோயாளிகளிடமும் பயன் கண்டதாக வெளியிட்டனர். பின்னர் பிற நாடுகளில் நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. கீழாநெல்லி குடிப்பதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

மாத்திரைக்குள் இருக்கும் இரண்டாவது காவல்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. அப்போது சிகிச்சை இல்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசக் கூட்டு மருந்தை வழங்கத் தொடங்கியபின் நோயாளிகள் நீண்ட காலம் வாழ்கின்றனர். ஆகவே கல்லீரலை மெல்லச் சிதைக்கும் வைரஸ்கள் இன்று கூடுதல் கவனம் பெறுகின்றன.

அவற்றுள் முதன்மையானது ஹெபடைடிஸ் பி. எச்.ஐ.வி. உள்ளவரிடம் இது நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம். கல்லீரல் சுருக்கமும் விரைவில் வரும். ஆறுதல் தரும் செய்தி என்னவெனில், இன்று பெரும்பாலோர் நாள்தோறும் உட்கொள்ளும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்னும் மூன்று மருந்துகள் உள்ளன. முதல் இரண்டும் எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குகின்றன. மாத்திரையை நிறுத்தினால் இரண்டு காவலும் ஒருசேர விலகும். அடங்கியிருந்த ஹெபடைடிஸ் பி சீறி எழுந்து கடும் மஞ்சள் காமாலையையும், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பையும் உண்டாக்கக்கூடும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்ற கேள்விக்கு நாங்கள் உடனே ஆம் என்று சொல்லாமல் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவதன் காரணம் இதுவே.

ஹெபடைடிஸ் சி-யும் எச்.ஐ.வி.யுடன் சேர்ந்தால் கல்லீரலை விரைந்து கெடுக்கும். எனினும் அதனைப் பெரும்பாலும் 12 வார மாத்திரைச் சிகிச்சையால் முற்றிலும் குணப்படுத்தலாம். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் எச்.பி.வி. என்னும் வைரஸ் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு அதிகம். அவர்கள் 25 வயது முதலே அதற்கான பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது.

அடுத்த முறை வரும்போது

உங்களுக்கு ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் செய்யப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். முடிவைச் சிகிச்சை அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹெபடைடிஸ் பி இல்லையெனில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், துணைவரையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்; தொற்று இல்லாதவருக்குத் தடுப்பூசி காப்பளிக்கும்.

சிறுநீரகம் உள்ளிட்ட வேறு காரணங்களுக்காக மருந்தை மாற்ற நேர்ந்தால், ஹெபடைடிஸ் பி இருப்பதை அந்த மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

ஊருக்குப் புறப்படுமுன், விடுமுறை நாட்களுக்கும் கூடுதலாக ஒரு வாரத்திற்கும் மாத்திரை உள்ளதா என்று எண்ணிப் பாருங்கள். ஊரிலேயே தங்க நேர்ந்தால், அங்குள்ள அரசு ஏ.ஆர்.டி. மையத்திற்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம். ஐயம் எழுந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.

மாத்திரை விட்டுப்போனால் மறைக்க வேண்டாம். கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், ஓயாத வாந்தி ஆகியவை தோன்றினால் அன்றே வாருங்கள். எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்று நீங்கள் உள்ளபடி கூறினால் போதும். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். அந்த எண்ணிக்கையைக் கொண்டுதான் எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்பதை முடிவு செய்கிறோம்.