குடிசையின் இருளும் ஓவியரின் கண்ணும்

ஓவியம் என்றதும் ஒளியையும் வண்ணத்தையுமே பலரும் எண்ணுவர். இருளின் இயல்பை உணர்த்திப் புகழ் பெற்ற ஓவியங்களும் உள. ருஷிய ஓவியர் வசீலி மக்ஸிமோவ் 1875 ஆம் ஆண்டு தீட்டிய 'குடியானவர் திருமணத்திற்கு மந்திரவாதி வருகை' அத்தகையதொன்று. மொஸ்கோ நகரின் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் அது இடம்பெற்றுள்ளது.

காட்சி நிகழுமிடம், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய கிராமத்து வீடு. ருஷியர் அதனை 'இஸ்பா' என்பர். கடுங்குளிரைத் தடுப்பதற்காக அவ்வீடுகளின் சாளரங்களைச் சிறியனவாக அமைத்தனர். பேரடுப்பொன்றே சமையலுக்கும் வெப்பத்துக்கும் உதவிற்று. அதன் மேற்றளத்தில் முதியோர் உறங்கினர். புகைபோக்கி இல்லாத வீடுகளிலே சுவரின் மேற்பகுதி கரி படிந்து கறுத்திருக்கும். நீண்ட பனிக்கால இரவுகளில் ஏழைகள் உலர்ந்த மரச்சிராயை இரும்புக் கவ்வியிற் செருகிக் கொளுத்துவர். உதிருந் தணல் அவியுமாறு கீழே நீர் வைத்திருப்பர். அச்சிறு வெளிச்சத்திலேயே பெண்கள் நூல் நூற்றனர். அடுப்புக்கு எதிர்மூலையோ திருவுருவப் படங்களுக்குரிய புனித இடம்.

இத்தகைய வீட்டில் மணவிருந்து நடைபெறுகையில், உடையிற் பனி படிந்த மந்திரவாதி அழையாமலே நுழைகிறான். அவன் மனம் நொந்தால் மணமக்களுக்குத் தீங்கு விளையும் என்பது ஊரார் நம்பிக்கை. விளக்கொளி மணமக்கள் மீது விழ, சுற்றியுள்ளோர் முகங்களிலே அச்சமும் வியப்பும் தோன்றுகின்றன. எஞ்சிய இடமெல்லாம் இருளில் ஆழ்ந்திருக்கிறது. ஆகவே இவ்விருள் வெறும் அழகுக்காக அமைந்ததன்று. அவர்கள் வாழ்ந்த வீட்டின் இருளும் அவர்கள் உள்ளத்து அச்சமும் அதில் ஒன்றாகின்றன.

மக்ஸிமோவ் இதனை வெளியிலிருந்து நோக்கியவரல்லர். 1844 இல் குடியானவர் குடும்பத்திற் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். படவுருவங்கள் தீட்டும் பட்டறையில் தொழில் பயின்றார். பின்னர் சென் பீற்றர்ஸ்பேர்க் கலைக்கழகத்திற் கற்றார். ஆயினும் வெளிநாட்டுப் பயணத்தை நாடாமற் கிராமத்துக்குத் திரும்பினார். சிறுவயதில் தமையனின் திருமணத்திற் கண்ட நிகழ்ச்சியே இவ்வோவியத்துக்கு வித்தாயிற்று.

எனவேதான் இதில் ஏழையரை நோக்கிய இரக்கமும் இல்லை. அவர்தம் நம்பிக்கையை எள்ளும் நகைப்பும் இல்லை. அவர்களைத் தம் உறவினராகவே அவர் வரைந்தார். 1911 ஆம் ஆண்டு அவர் வறுமையிலேயே மறைந்தார். எளியோர் வீட்டைக் கலைக்கூடத்தின் சுவருக்குக் கொணர்ந்தவர், இறுதிவரை அவ்வெளியோருள் ஒருவராகவே வாழ்ந்தார் எனலாம்.