கல் காத்த புல்வெளி
கலப்பை கைவிட்ட கான்ஸாஸ் மண்ணைத் தேடி வருகின்றன சைக்கிள்கள்

மலை இல்லை, கடல் இல்லை. அமெரிக்கர்களே விமானத்தில் தாண்டிப் போய்விடும் மாநிலம் கான்ஸாஸ். ஆனால் ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் எம்போரியா என்ற அதன் சிறு நகரில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளோடு வந்து இறங்குகிறார்கள்.

2006ல் வெறும் 34 பேருடன் தொடங்கிய பந்தயம் இது. முக்கியப் போட்டியின் தூரம் 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ. பெரும்பாலும் சரளைப் பாதை. ஃப்ளின்ட் ஹில்ஸ் எனப்படும் இந்த மேட்டு நிலத்தின் சிக்கிமுக்கிக் கல் டயரைக் கத்திபோலக் கிழிக்கும். மழை பெய்தால் சேறு சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். 2023ல் பலர் சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தார்கள்.

டயரைக் கிழிக்கும் கல்தான் இந்தப் புல்வெளியையும் காப்பாற்றியது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கரில் உயரப்புல் அலையடித்தது. கலப்பை வந்தது, மக்காச்சோளம் வந்தது. இன்று மிச்சம் 4 சதவீதம்கூட இல்லை. அதில் பெரும்பகுதி, உழ முடியாமல் மாடுகளுக்கு விடப்பட்ட இந்தக் கற்பூமியில். 1996ல் சுமார் 11,000 ஏக்கர் தேசியப் பாதுகாப்பிடமாயிற்று. 2009ல் காட்டெருமைகளும் திரும்பின.

பந்தய வெறி இல்லாதவர்களுக்குப் பழைய ரயில் தடம் இருக்கிறது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, ஓசவாட்டமியிலிருந்து ஹெரிங்டன் வரை 118 மைல். ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் குறைவு, முழங்கால் தப்பிக்கும். ஆனால் காற்றுக்குத் தப்ப முடியாது. மாநிலத்துக்குப் பெயர் தந்த கான்ஸா பழங்குடியினரை 'தென்காற்றின் மக்கள்' என்பார்கள். அந்தத் தென்காற்று நம் தென்றல் அல்ல, ஆளையே நிறுத்தும்.

கவுன்சில் க்ரோவ் அருகே தடம் அவர்களுடைய நிலத்தைக் கடக்கிறது. 1873ல் ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டவர்கள், 2000ல் தங்கள் பூமியில் ஒரு துண்டைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பந்தயத்தின் பழைய பெயரில் 'அழுக்கு' என்ற சொல்லோடு அவர்கள் பெயரும் ஒட்டியிருந்தது. சர்ச்சைக்குப் பின் 2020ல் அது 'அன்பவுண்ட்' ஆனது.

வசந்தத்தில் போனால் குன்றுகள் கருகிக் கிடக்கும். அதிர வேண்டாம், வைத்தவர்கள் பண்ணைக்காரர்கள்தான். தீ இல்லாவிட்டால் செடார் மரங்கள் புல்லை விழுங்கிவிடும். புகையால் தொலைவிலுள்ள நகரங்கள் முகம் சுளிக்கின்றன. தீயை நிறுத்திய இடங்களிலோ மரம் பரவுகிறது. மரம் நடுவதே புண்ணியம் என்று பழகிய நமக்கு விசித்திரம்தான். இங்கே மரம்தான் எதிரி.

எரிந்த அதே சரிவில், செப்டம்பரில், ஆளை மறைக்கும் உயரத்துக்குப் புல் நிற்கும்.