எந்தப் பாகுநிலை?

மார்கழி விடியலில் மயிலாப்பூர் வீடுகளில் தேங்காய் எண்ணெய் உறையும்போது பாட்டிலைக் கவனியுங்கள். கண்ணாடியை ஒட்டி வெள்ளை படர்ந்திருக்கும். நடுவில் எண்ணெய் இன்னும் தெளிவாக இருக்கும். மெழுகுள்ள கச்சா எண்ணெய் குளிர்ந்த குழாயில் ஓடும்போது நடப்பதும் இதுதான்.

ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில், 2004இல் கண்டுபிடிக்கப்பட்ட மங்களா எண்ணெய் வயலின் கச்சா எண்ணெய் 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலேயே உறையத் தொடங்கிவிடும். அதனால் குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கி.மீ. நீளும் குழாயை வழிநெடுகச் சூடாக்கி, எண்ணெயை 65 டிகிரிக்குக் குறையாமல் கொண்டுபோகிறார்கள். எல்லாக் குழாய்க்கும் இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. மற்ற இடங்களில் மெழுகு எவ்வளவு வேகமாகப் படியும் என்று முன்கூட்டிக் கணித்து, உள்ளே சுரண்டிக்கொண்டு ஓடும் ‘பிக்’ கருவியை அனுப்ப வேண்டும். தாமதித்தால் அந்தக் கருவியே மெழுகில் சிக்கிக்கொள்ளும்.

இந்தக் கணிப்பைக் குழப்புவது பாகுநிலை, அதாவது எண்ணெய் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது. சுவரருகே மெழுகு படிகமானதும் அங்கே கரைந்திருக்கும் மெழுகு குறைகிறது. நடுவிலுள்ள மெழுகு மூலக்கூறுகள் சுவரை நோக்கி நகர்கின்றன. எண்ணெய் கெட்டியாக இருந்தால் இந்த நகர்வு மெதுவாகும், படிவும் குறையும். ஆனால் கெட்டியான எண்ணெயில் சுழல்கள் அடங்கிவிடுவதால் நடுவின் சூடு சுவரை எட்டுவதில்லை. சுவர் மேலும் குளிர்ந்து படிவுக்கு இடம் கொடுக்கிறது.

போதாக்குறைக்கு, அந்தப் பாகுநிலை ஒரே எண்ணாக நிற்பதில்லை. சூடாக இருக்கையில் அது வெப்பநிலையை மட்டும் பொறுத்தது. படிகங்கள் தோன்றியதும் பாகுநிலையைக் காட்டும் வரைபடக் கோடு சட்டென்று மேலே வளைகிறது. அதன்பின் எண்ணெய் எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, எவ்வளவு கலக்கப்பட்டது என்பதெல்லாம் சேர்ந்துகொள்ளும். அசாமின் நகர்கட்டியா எண்ணெயை 1960களில் பீகாரின் பரௌனிக்கு அனுப்பியபோது, முதலில் நன்றாகச் சூடாக்கி, பிறகு கட்டுப்பாட்டுடன் குளிரவைத்தே குழாயில் விட்டார்கள். அதே எண்ணெய்தான், படிகங்களின் வடிவம் மாறியதால் குளிரிலும் ஓடியது.

அடையாற்றை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில், பெட்ரோலியப் பொறியியல் கற்பிக்கும் கடல்சார் பொறியியல் துறையிலிருந்தும் மெழுகு எண்ணெய் பற்றிய ஆய்வுகள் வந்துள்ளன. இத்தகைய ஆய்வுகளில், பாகுநிலையை அளக்கும் ரியோமீட்டரின் இரு தட்டுகளுக்கு நடுவே சில துளி எண்ணெய் வைத்து, ஒரு தட்டைச் சுழற்றுவார்கள். அளப்பதற்கு முன் எண்ணெயைச் சூடேற்றி, பழைய படிகங்களை முழுதும் கரைத்தாக வேண்டும். பிறகு குளிர்விக்கும் வேகமும் சுழற்சியும் உண்மையான குழாயில் இருப்பதைப்போல அமைய வேண்டும். அப்படி அளக்காத பாகுநிலை மதிப்பைக் கொடுத்தால், எவ்வளவு நுட்பமான கணினி மாதிரியும் வேறு ஏதோ ஒரு எண்ணெயைப் பற்றித்தான் பேசும்.